மூன்று சென்ட்டுக்கு ஒரு வேலி

வீட்டுக்குப் பின்னால் பத்துக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுக்க வேண்டும். இந்தச் சின்ன வேலைக்குத்தான் அந்த அம்மா பதினோரு மாதம் அலைந்தார்.

அவர் குடியிருப்பது ஊரின் தெற்குக் கோடியில் உள்ள காலனி. சில வருடங்களுக்கு முன்புவரை அது ஊராட்சி. பக்கத்து நகராட்சி விரிந்தபோது ஊராட்சியையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊராட்சியாக இருந்தவரை வேலி என்றால் மழைக்கு முன் கிளுவைக் குச்சி வெட்டி வந்து ஊன்றுவதுதான். யாரும் எதுவும் கேட்டதில்லை. கிளுவை பட்டுப்போனது, ஆடுகள் உள்ளே வந்தன, பின்பக்கத்துத் தோப்பு வேலி வருடத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கமாக நகர்ந்தது. மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய வருடம், குளிக்கிற இடத்துக்காவது மறைப்பு வேண்டும் என்று அம்மா சீட்டுப் பணத்தில் கல்லுக்கால் வாங்கி இறக்கினார்.

மறுநாளே நகராட்சியிலிருந்து ஆள் வந்துவிட்டது. தோப்புக்காரர் புகார் கொடுத்திருந்தார். “அனுமதி வாங்கிட்டியாம்மா? இது இப்ப நகராட்சி. நெனச்ச இடத்துல நெனச்சத நட முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார் வந்தவர். அம்மாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. வந்தவருக்கு முப்பது இருக்கும். ‘வாங்கிட்டியா’ என்ற சொல்லை அந்த அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற மகள் எடுத்துக்கொண்டாள்.

அலுவலகத்துக்குப் போனார்கள். பட்டா கேட்டார்கள். அம்மா தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்ததை நீட்டினார். லேமினேட் செய்த, கையால் எழுதிய வீட்டுமனை ஒப்படைப்புப் பட்டா. வட்டாட்சியர் கையெழுத்து, கோபுர முத்திரை, மனை எண் 27, மூன்று சென்ட். 1990-களில் மேடை போட்டுக் கொடுத்தது. எழுத்தர் புல எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்த நம்பர்ல உங்க பேரு வரலியே. வேற யாரோ பேருல இருக்கு.”

அந்த ‘வேற யாரோ’ நிலம் கொடுத்த பழைய உரிமையாளர். அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அரசு பணம் கொடுத்துக் கையகப்படுத்தி, மனை பிரித்து, குடும்பங்களுக்குக் கொடுத்த நிலம் கணக்கில் இன்னும் இறந்தவர் பெயரில்தான் நிற்கிறது.

இது ஒரு காலனியின் கதை மட்டும் அல்ல. இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களில் பலர் வீட்டிலும் இதே லேமினேட் காகிதம் இருக்கும். இன்று எழுந்து போய் அதை எடுத்துப் பாருங்கள். புல எண்ணுக்குப் பக்கத்தில் உட்பிரிவு எண் இருக்கிறதா, அல்லது மொத்த நிலத்தின் எண்ணும் ஒரு மனை எண்ணும் மட்டும்தானா? மனை எண் மட்டும் இருந்தால், அரசின் நிலக் கணக்கில் உங்கள் வீடு இன்னும் பிறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆனது என்பது தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். ஆதிதிராவிடர் மக்களுக்கு வீட்டுமனை கொடுக்கத் தனியார் நிலத்தை எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1978-இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் 31-ஆவது சட்டம். அதன்படி ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் நிலத்தைத் தேர்வு செய்வார், உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுப்பார், மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பிப்பார், இழப்பீடு தீர்மானிக்கப்படும். பிறகு மனை பிரித்துப் பயனாளிகளுக்குப் பட்டா கொடுப்பார்கள். இதுவரை மேடையும் புகைப்படமும் உண்டு. அதற்குப் பிறகு நடக்க வேண்டியவற்றுக்கு மேடை கிடையாது. நில அளவர் வந்து ஒவ்வொரு மனையையும் அளந்து கல் நட வேண்டும். உட்பிரிவு செய்து புல வரைபடத்தில் கோடு போட வேண்டும். வழக்கமான வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டிலும் சிட்டாவிலும் பெயர் ஏற வேண்டும். ஒரு அலுவலகம் கொடுத்த பட்டாவை இன்னொரு அலுவலகம் கணக்கில் ஏற்ற வேண்டும் என்கிற இந்த இடத்தில்தான் வண்டி நின்றுபோகிறது. சில ஊர்களில் பழைய உரிமையாளர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியிருப்பார். பல ஊர்களில் தடையும் இல்லை, வழக்கும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை. அவ்வளவுதான்.

முப்பது வருடம் இது யாரையும் உறுத்தவில்லை. வீடு கட்டிக் குடியிருந்தோம், மின்சாரம் வந்தது, வீட்டு வரி கட்டினோம். வரி ரசீது இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம். வரி ரசீது என்பது வரி கட்டியதற்கான ரசீது. நிலம் உங்களுடையது என்று அது சொல்லாது. நகராட்சி வந்ததும், வங்கிக் கடனுக்குப் போனதும், பக்கத்து வேலி நகர்ந்ததும்தான் குட்டு வெளிப்படுகிறது.

சரி, வேலி போட அனுமதி வேண்டுமா வேண்டாமா? இதைப் பலரும் கேட்கிறார்கள். நம் நகராட்சிகளை நூறாண்டுக்காலம் ஆண்ட 1920-ஆம் ஆண்டுச் சட்டம் ‘கட்டடம்’ என்ற சொல்லுக்குள் சுவரையும் சேர்த்தது. ஆனால் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போகாத எல்லைச் சுவரை அதிலிருந்து விலக்கி வைத்தது. கோழி, ஆடு வராமல் தடுக்கிற அடைப்பு வேறு, மனிதரை மறைக்கிற மதில் வேறு என்ற புத்தி அந்தக் காலச் சட்டத்துக்கே இருந்தது. இன்று கட்டட விஷயங்களுக்கு நடப்பில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நம் விஷயத்தில் அலுவலர் பார்ப்பது முக்கியமாக இரண்டு: இடம் உன்னுடையதா, போடுகிற வேலி உன் இடத்துக்குள்ளேயே நிற்கிறதா. சாலையிலோ சாக்கடையிலோ பொதுப் பாதையிலோ ஒரு அடி ஏறினாலும் அது ஆக்கிரமிப்பு.

ஆகவே யாராவது “அனுமதி வாங்கினாயா” என்று கேட்டால் வாயால் பதில் சொல்லாதீர்கள். எங்கள் மனையில் இத்தனை அடி உயரத்தில் முள்கம்பி வேலி போட இருக்கிறோம், இதற்கு அனுமதி தேவையா, தேவையென்றால் எந்த விதிப்படி, என்னென்ன ஆவணம், எவ்வளவு கட்டணம் என்று ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊராட்சி என்றால் ஊராட்சி அலுவலகத்துக்கு. பதில் வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இந்த அம்மாவின் மகள் அதைத்தான் செய்தாள். “அனுமதி வாங்கணும்” என்று அதட்டியவர்கள், எழுத்தில் கேட்டபோது, “நில உரிமை ஆவணத்துடன் விண்ணப்பிக்கவும்” என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டார்கள். சிக்கல் வேலியில் இல்லை, பட்டாவில் என்பது அந்த ஒற்றை வரியில்தான் அவளுக்குத் தெளிவானது.

2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு தளம் என்றால், இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். நம் மூன்று சென்ட் சுமார் 1,300 சதுர அடிதான். அளவைப் பார்த்தால் நமக்காகவே போட்ட திட்டம் போல இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தோடு கணினிப் பட்டாவை ஏற்ற வேண்டுமே! லேமினேட் காகிதத்தை வைத்துக்கொண்டு எதை ஏற்றுவது? வசதி வேகமாகிறபோது, கணக்கில் ஏறாதவர்கள் இன்னும் பின்னால் தள்ளப்படுகிறார்கள்.

இப்போது வேறு சில சுவர்களைப் பார்ப்போம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு எழுப்பிய சுவர், ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்குத் தலித் மக்களின் தெருவை ஊரிலிருந்து பிரித்து நின்றது. நகர மன்றமோ ஊராட்சியோ அதற்கு வரைபடம் கேட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. பத்தொன்பது ஆண்டுகள் நின்றது. அதன் மேல் மின்கம்பி இழுத்த செய்தி வந்து, தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் இடதுசாரிகளும் போராடிய பிறகு, 2008 மே 6-இல் மாவட்ட நிர்வாகம் பதினைந்து அடி அகலத்துக்கு மட்டும் இடித்துப் பாதை விட்டது.

மேட்டுப்பாளையம் நடூரை யாரும் மறந்திருக்க முடியாது. 2019 டிசம்பர் 2, விடிகாலை, கனமழை. ஒரு பெரிய வீட்டின் சுற்றுச்சுவர், இருபது அடி உயரம் என்றார்கள், கீழே இருந்த ஓட்டு வீடுகளின் மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் அருந்ததியர். அந்தச் சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று முன்பே சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றார்கள் அந்தத் தெரு மக்கள். பத்துக் கல்லுக்கால் இறங்கிய மறுநாளே ஆள் அனுப்பத் தெரிந்த நிர்வாகங்கள் உள்ள மாநிலத்தில்தான் இருபது அடிச் சுவர் யார் கண்ணிலும் படாமல் நின்றது. கரூர் முத்துலாடம்பட்டியில் சுமார் 200 அடி நீளச் சுவர் ஒன்று புறம்போக்கில் எழும்பி, சர்ச்சையாகி, 2025 ஆகஸ்டில்தான் இடிபட்டது.

சுவருக்கும் வேலிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நம் வேலி நம் மூன்று சென்ட்டைச் சுற்றி நிற்கிறது. அவர்கள் சுவர் நம்மைச் சுற்றி நிற்கிறது. முதலாவதற்குக் காகிதம் கேட்கிறார்கள். இரண்டாவதற்கும் காகிதம் கேட்க வேண்டியது நாம்தான். உங்கள் தெருவை மறித்து, அல்லது உங்கள் வீட்டுக் கூரையை ஒட்டி, உயரமாக ஒரு சுவர் எழும்புகிறதா? அதற்கு அனுமதி உண்டா, அனுமதித்த வரைபடத்தின் நகல் எங்கே, அது நிற்கிற புல எண் பட்டா நிலமா புறம்போக்கா என்று முதல் வரிசைக் கல் வைக்கும்போதே எழுதிக் கேளுங்கள். புறம்போக்கு என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு இருக்கிறது. சுவர் எழுந்து இருபது வருடம் ஆன பிறகு அதை அசைக்க ஒரு போராட்டம் வேண்டும். கல் இறங்கும்போது ஒரு மனுப் போதும்.

சட்டத்தில் இன்னொரு வாசலும் உண்டு, மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றாலே அடிதடிக்கும் சாதி சொல்லித் திட்டியதற்கும்தான் என்று நினைக்கிறோம். 2015 திருத்தத்துக்குப் பின், 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள வடிவத்தில், பிரிவு 3(1)(எஃப்) நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குச் சொந்தமான நிலம் மட்டும் அல்ல, அவர்கள் அனுபவத்தில் உள்ள நிலம், அவர்களுக்கு ஒதுக்கிய நிலம் எதையும் பிற சமூகத்தவர் முறைகேடாக ஆக்கிரமித்தால் குற்றம். ‘ஒதுக்கிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கணினியில் பெயர் ஏறவில்லை என்பதற்காக அந்த மனை உங்களுக்கு ஒதுக்கிய மனை இல்லை என்று ஆகிவிடாது. லேமினேட் காகிதத்துக்கு இந்த இடத்தில் உயிர் இருக்கிறது. அதே பிரிவின் (இஸட்.ஏ) பகுதி சாலை, பாதை, நீர்நிலை, இடுகாடு ஆகியவற்றை மற்றவர்களைப் போலப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதையை மறிக்கிற சுவர் இதில் வரும். வருடத்துக்கு ஒரு சாண் நகர்கிற தோப்பு வேலி முன்னதில் வரும். எல்லாத் தகராறுக்கும் இதைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் புகார் கொடுத்தால் அளவில்தான் தோற்போம்.

நமக்குள்ளும் ஒன்று பேசிக்கொள்ள வேண்டும். காலனிச் சந்துகளைப் பாருங்கள். ஆளாளுக்குப் படிக்கட்டை வெளியே இழுத்து, திண்ணையை நீட்டி, குளியலறையைப் பாதையில் கட்டி, கடைசி வீட்டில் சாவு விழுந்தால் பாடையைச் சாய்த்துத் தூக்கிவர வேண்டிய நிலை. ஆம்புலன்ஸ் முக்கிலேயே நிற்கிறது. மனை பிரித்தபோது விட்ட பாதை எல்லோருக்கும் பொது. தோப்புக்காரர் செய்தால் ஆக்கிரமிப்பு, நாம் செய்தால் தேவை என்று சொல்ல முடியாது. பேரையூர் பக்கம் சந்தையூரில் 2018-இல் பட்டியல் சாதியினரிலேயே ஒரு பிரிவினர் கோயிலைச் சுற்றிக் கட்டிய சுவரை எதிர்த்து இன்னொரு பிரிவினர் ஊரை விட்டு மலையடிவாரத்தில் போய்க் குடியிருந்தார்கள். அதை எழுத யாருக்கும் கை வரவில்லை. நானும் அப்போது எழுதவில்லை.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். நகராட்சியின் ஒற்றை வரிப் பதிலை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். தனியாகப் போகவில்லை. மனை எண் 26, 28, 29 எல்லாருக்கும் இதே நிலைதான் என்று மகள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து, ஒரே மனுவில் பதினான்கு குடும்பம் கையெழுத்துப் போட்டார்கள். இது முக்கியம். ஒரு வீட்டுக்காக அலுவலகம் பழைய கோப்பைத் தேடாது. பதினான்கு வீட்டுக்குத் தேடும். நிலமெடுப்புத் தீர்வாணை, பயனாளிகள் பட்டியல், மனைப்பிரிவு வரைபடம் ஆகியவற்றின் நகலை ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டு வாங்கினார்கள். தீர்வாணைக் கோப்பு கிடைக்க மட்டும் மூன்று மாதம் ஆனது. கிடைத்ததும் வட்டாட்சியருக்கு உட்பிரிவு கோரி மனு, நில அளவைக்கு இ-சேவை மையத்தில் தனி விண்ணப்பம். நடுவில் ஒருவர், “செலவாகும், பார்த்துக்கலாம்” என்றார். மகள் கட்டண ரசீது உண்டா என்று கேட்டாள். அவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அளக்க வந்த நாளில் காலனியே கூடியது. பக்கத்து நிலத்தாருக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போயிருந்தது. தோப்புக்காரர் வந்தார், தூரத்தில் நின்றார். நில அளவர் வரைபடத்தை விரித்து, தெருமுனையில் மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய கல்லைத் தோண்டிக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்து வந்தார். அம்மாவின் மனையில் தோப்பு வேலி ஒன்றரை அடி உள்ளே நின்றது. நாற்பது அடி நீளத்துக்கு ஒன்றரை அடி என்றால் அறுபது சதுர அடி. ஒரு குளியலறையும் ஒரு கழிப்பறையும் கட்டுகிற இடம். வரிசையில் அடுத்தடுத்த மனைகளில் ஒரு அடி, ஒன்றேகால் அடி. தோப்புக்காரர் அளவைக் குறிப்பில் கையெழுத்துப் போட மறுத்தார். “பரவாயில்லை, மறுத்தார்னு எழுதிக்கிறேன்” என்று சொல்லி அளவர் அப்படியே எழுதினார். கல் நட்டார்கள்.

உட்பிரிவு முடிந்து பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குக் கணினிப் பட்டா வந்துவிட்டது. மீதி ஐந்தில் பயனாளி இறந்துபோயிருக்கிறார், வாரிசுச் சான்று வேண்டும். அம்மாவுக்கு வந்த பட்டாவில் பெயரில் ஓர் எழுத்து தவறு. அதற்கு வேறு மனு கொடுத்திருக்கிறார்கள். நகராட்சி புதிய பட்டா நகலைப் பார்த்துவிட்டு, சொந்த மனைக்குள் முள்கம்பி வேலி போடத் தடை இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அந்தக் கடிதத்தையும் மகள் லேமினேட் செய்யப் போனாள். அம்மாதான் தடுத்தார். “வேணாம் பாப்பா. அதுல ஒட்டிட்டா அப்புறம் எதுவும் எழுத முடியாது.”

மூன்று பக்கம் கம்பி இழுத்தாயிற்று. பின்பக்கம், தோப்பு ஓரம், இன்னும் இழுக்கவில்லை. ஒன்றரை அடியை விடச் சொல்லி வட்டாட்சியர் கொடுத்த அறிவிப்பின் கெடு அடுத்த மாதம் முடிகிறது. அம்மா தினமும் விடிகாலை வாசல் தெளிப்பதற்கு முன் பின்பக்கம் போய், நட்ட கல் நட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார்.